நெத்தித் தோல்ல மூக்கு: அந்த மூணு வாரத்தைப் பத்தி

போன இதழ்ல முகத்துல ஆறாத புண்ணு பத்தி கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்துல இருந்து வந்த கடிதம், வாட்ஸ்அப் முக்கால்வாசி மூக்கைப் பத்தியே இருக்கு. அதனால இந்த தடவை முழுக்க மூக்குதான். கேட்டவங்க பேர் போடலை, ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எங்க அம்மாவுக்கு 62 வயசு. மூக்கோட எடது பக்கம் கருப்பா ஒரு பரு மாதிரி வந்து ரெண்டு வருஷமா பொருக்கு கட்டும், உதிரும், ரத்தம் கசியும், மறுபடியும் பொருக்கு கட்டும். மச்சம்னு நெனச்சி மஞ்சள் பத்து போட்டுக்கினு இருந்தோம். இப்போ பயாப்ஸி எடுத்து பேசல் செல் கார்சினோமா, ஒரு வகை தோல் புத்துநோய்னு சொல்லிட்டாங்க. வெட்டி எடுத்துட்டு நெத்தில இருந்து தோலை இறக்கி வைக்கணும், மூணு வாரம் அது மூஞ்சில தொங்கும்னு போட்டோ காமிச்சாங்க. அதைப் பாத்ததுல இருந்து அம்மா சரியா சாப்பிடறதே இல்ல. தொடைத் தோலை எடுத்து ஒட்டச் சொல்லு, இல்லன்னா அப்டியே விட்டுடுன்னு அழுவுறாங்க. என்ன பண்றது? (குடியாத்தம் வாசகி)

அம்மா அழுறதுல தப்பே இல்லம்மா. பக்கத்துல உக்காந்து விளக்கிச் சொல்லாம அந்த போட்டோவை மட்டும் காமிச்சா யாருக்கா இருந்தாலும் வயித்தைக் கலக்கத்தான் செய்யும். ஆனா அப்டியே விட்டுடுன்னு சொல்றாங்க பாருங்க, அது மட்டும் கூடவே கூடாது. இந்த வகை புத்துநோய் வேற உறுப்புக்குப் பரவுறது ரொம்ப அபூர்வம், நூத்துல ஒருத்தருக்குக்கூட இல்ல, அதனால உடனே உயிருக்கு ஆபத்துன்னு பயப்பட வேணாம், ஆனா இருக்குற இடத்தை விடாம அரிச்சுக்கிட்டே போகும், முதல்ல தோல், அப்புறம் குருத்தெலும்பு, அப்புறம் எலும்பு, மூக்கோரத்துல ஆரம்பிச்சா கண்ணு பக்கம் வரைக்கும் போகும். இன்னும் ரெண்டு வருஷம் விட்டா இப்போ ஒரு பக்கத்தோட முடியிற வேலை முழு மூக்கு வேலையா ஆகிடும்.

தொடைத் தோல் கேக்குறீங்க. எல்லாரும் முதல்ல கேக்குறது இதைத்தான், மறைவான இடம், யாருக்கும் தெரியாது, நியாயமான கேள்விதான். ஆனா தொடைல இருந்து சீவி எடுக்குற தோல் சொந்தமா ரத்தம் இல்லாம வருது, வைக்கிற இடத்துல இருந்துதான் அது ரத்தத்தை உறிஞ்சி பிழைக்கணும். கீழ மூடாத குருத்தெலும்பு இருந்தாலோ, இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் போற ஓட்டையா இருந்தாலோ அது பிழைக்க வழியே இல்ல. பிழைச்சாலும் மெலிசா பளபளன்னு வேற கலர்ல ஒட்டுப் போட்ட மாதிரி தெரியும், நாளாக நாளாக சுருங்கி மூக்கு ஓட்டையை மேல இழுத்துடும். ஆழமே இல்லாத சின்னக் காயம்னா காதுக்கு முன்னாடி இருக்குற தோலை எடுத்து வைக்கிறது உண்டு, நல்லாவும் வரும். உங்க அம்மாவுக்கு நெத்தின்னு சொல்லியிருக்காங்கன்னா காயம் பெருசு, ஆழமும் இருக்குன்னு அர்த்தம்.

நெத்தித் தோலோட கலரும் தடிமனும் மூக்குத் தோலுக்கு கிட்டத்தட்ட பொருந்திப் போகும், உடம்புல வேற எங்கயும் இவ்ளோ நல்ல ஜோடி கிடைக்காது. புருவத்தோட உள்முனைகிட்ட இருந்து ஒரு ரத்தக்குழாய் மேல நெத்திக்கு ஏறுது, அந்தக் குழாயை அறுக்காம அதோடயே சேத்துத்தான் தோலை இறக்குவாங்க. தோட்டத்துல மல்லிக்குப் பதியன் போடுறதை அம்மா பாத்திருப்பாங்க இல்ல, கிளையை வெட்டாமலே வளைச்சி மண்ணுல புதைச்சி, வேர் பிடிச்ச அப்புறம்தானே தாய்ச்செடில இருந்து அறுப்போம், அதேதான் இது. வேர் பிடிக்கிற வரைக்கும் தாய்க்கிளை வேணும். அந்த மூணு வாரமும் புது இடத்துல இருந்து சின்னச் சின்ன ரத்தக்குழாய் மூக்குத் தோலுக்குள்ள வளருது, வளந்தப்புறம் நெத்தியோட சேத்து வச்சிருந்த தண்டு தேவையில்ல, அறுத்துடுவாங்க. இதை அம்மாகிட்ட இப்டியே சொல்லிப் பாருங்க.

ஆபரேஷன்ல முதல் வேலை நோயை முழுசா எடுக்குறது. எடுத்த சதையோட ஓரம் சுத்தமா இருக்கான்னு மைக்ராஸ்கோப்ல பாத்து ரிப்போர்ட் வரணும். சில இடத்துல ஆபரேஷன் நடக்கும்போதே உறையவச்சு பாத்துடுவாங்க, சில இடத்துல காயத்தை டிரெஸ்ஸிங் போட்டு மூடி வச்சுட்டு சில நாள் கழிச்சு ரிப்போர்ட் வந்ததும் மூக்கு கட்டுவாங்க. அந்த இடைவெளியைப் பாத்து டாக்டருங்க இழுத்தடிக்கிறாங்கன்னு நினைக்காதீங்க, நோய் மிச்சம் இருக்குற இடத்து மேல அழகா மூக்கைக் கட்டினா உள்ள வளர்றது வெளிய தெரியாது, அதுதான் ஆபத்து.

மூக்குன்னா வெறும் தோல் இல்ல, மூணு அடுக்கு. வெளித்தோல், நடுவுல தாங்குற குருத்தெலும்பு, உள்ள ஈரமான மெல்லிய சவ்வு. எது எது போச்சோ அது அத்தனையும் திரும்பக் கொடுக்கணும். குருத்தெலும்பை காது மடல்ல இருந்தோ, மூக்கு நடுச்சுவர்ல இருந்தோ, ரொம்ப வேணும்னா விலாவுல இருந்தோ எடுப்பாங்க. அளவு எடுக்குறதைப் பாத்தீங்கன்னா ஆச்சரியமா இருக்கும், தையல் நூல் வர்ற பாக்கெட்டோட அலுமினிய ஃபாயிலை காயத்து மேல அழுத்தி அதே வடிவத்துல வெட்டி, தலைகீழா நெத்தில வச்சு பேனாவால கோடு போட்டு, அந்தக் கோட்டுலதான் கத்தி வைப்பாங்க. நல்ல பக்கத்து மூக்கைப் பாத்து அளவெடுக்குறதும் உண்டு. இன்னொண்ணு, நல்லா இருக்குற தோலையும் கொஞ்சம் சேத்து எடுத்துட்டாங்கன்னு அப்புறம் யாராச்சும் குறை சொல்லுவாங்க, அதுக்கும் காரணம் இருக்கு. 1985ல பர்கெட், மெனிக்னு ரெண்டு அமெரிக்க சர்ஜன்கள் மூக்கை நுனி, முதுகு, பக்கச்சுவர், மடல்னு ஒன்பது பகுதியா பிரிச்சு, ஒரு பகுதில பாதிக்கு மேல போயிருந்தா அந்தப் பகுதியையே முழுசா மாத்துங்க, தழும்பு எல்லைக்கோட்டு நிழல்ல மறைஞ்சிடும்னு எழுதினாங்க, நடுவுல ஒட்டுப் போட்டா ஒட்டு மாதிரியேதான் தெரியும்னு அதுக்கப்புறம் நாங்க எல்லாருமே கத்துக்கிட்டது அதுலதான்.

இப்போ அந்த மூணு வாரம். அம்மா பயப்படுறது இதுக்குத்தான், நானும் இதைப் பத்தித்தான் அதிகமா பேசணும்னு நினைக்கிறேன், ஏன்னா ஆபரேஷன் நல்லா முடிஞ்சும் இந்த நடு வாரத்துல மனசு உடைஞ்சு போறவங்களை நிறைய பாக்குறோம். ரெண்டு புருவத்துக்கு நடுவுல இருந்து மூக்கு வரைக்கும் ஒரு தண்டு பாலம் மாதிரி நிக்கும், விரல் அகலம் இருக்கும். அதோட அடிப்பக்கம் தோல் இல்லாம இருக்குறதால முதல் ரெண்டு நாள் ரத்தம் கலந்த நீர் கசியும், வேஸ்லின் தடவின துணி சுத்தி விடுவாங்க, போகப்போக காஞ்சிடும். பயந்த அளவுக்கு வலி இருக்காது, மாத்திரைல அடங்கிடும். சாப்பிடலாம், நடக்கலாம், பேசலாம். தலைக்கு ரெண்டு தலகாணி வச்சு நிமிந்து படுக்கணும். நைட்டியைத் தலை வழியா மாட்டவே கூடாது, முன்னாடி ஊக்கு வச்ச ஜாக்கெட், புடவை, அவ்ளோதான். கண்ணாடி போடுறவங்கன்னா அது மூக்கு மேல உக்காரக்கூடாது, டேப் போட்டு நெத்தியோரத்துல தொங்கவிடச் சொல்லிக் குடுப்பாங்க. மாஸ்க் போட்டு மறைச்சுக்கிட்டு வெளிய போகலாம்னு நினைக்காதீங்க, மாஸ்க்கோட மேல்கம்பி சரியா தண்டு மேலயே அழுத்தும், அதுல ரத்த ஓட்டமே நின்னு போகலாம். வெளிய போறதுன்னா முந்தானையை லேசா போட்டுக்கிட்டா போதும், நம்ம ஊர் வெயிலுக்கு அது யாருக்கும் வித்தியாசமாவும் தெரியாது. அந்த நாள்ல மூக்கு நுனியை யாராச்சும் தொட்டா நெத்தியத் தொடுற மாதிரி இருக்குன்னு அம்மா சொல்லுவாங்க, பயப்படாதீங்க, நரம்பு இன்னும் நெத்தியோடதானே.

வீட்ல சின்னப் பசங்க இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லி வைங்க. பாட்டிக்கு மூக்கு கட்டுறாங்க, கொஞ்ச நாள் இப்டி இருக்கும்னு சொன்னா குழந்தைங்க நம்மளைவிட சீக்கிரமா பழகிக்கும். முகத்தைத் திருப்பிக்கிறது பெரியவங்கதான். சொந்தக்காரங்க பாக்க வந்து "ஐயோ இப்டி ஆயிடுச்சே"ன்னு ஒப்பாரி வைக்கிறவங்களா இருந்தா மூணு வாரம் கழிச்சு வரச் சொல்லுங்க, தயங்காம சொல்லுங்க.

மூணு வாரத்துல தண்டை அறுத்து, மிச்சத்தை புருவத்துக்கிட்ட திருப்பி வச்சுடுவாங்க. மூக்கு நுனி, மடல்னு நுணுக்கமான இடம்னா சில சர்ஜன்கள் மூணாவது வாரம் தோலைத் தூக்கி உள்பக்கக் கொழுப்பைச் செதுக்கி திரும்ப வச்சுட்டு ஆறாவது வாரம்தான் அறுப்பாங்க, அப்டி சொன்னா ஏமாத்துறாங்கன்னு நினைக்காதீங்க, வடிவம் அதுல இன்னும் நல்லா வரும். நெத்தில நேரா ஒரு தழும்பு நிக்கும், மேல மயிர்க்கால் பக்கத்துல மூட முடியாத கொஞ்ச இடத்தை தானா ஆற விடுவாங்க, ஆச்சரியமா நல்லாவே ஆறும். வீக்கம் வடிய மாசக்கணக்குல ஆகும், ஒரு வருஷம் கழிச்சுத்தான் இதுதான் மூக்குன்னு சொல்ல முடியும். கண்டிஷன் ரெண்டே ரெண்டு. சர்க்கரை இருந்தா கட்டுப்பாட்டுல கொண்டு வரணும், பீடி, புகையிலை எதுவா இருந்தாலும் ஆபரேஷனுக்கு ஒரு மாசம் முன்னாடியே நிறுத்தணும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிட்டா அதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

பையனுக்கு 24 வயசுங்க. எருது விடும் விழாவுல மாடு முட்டி வலது மூக்கு மடல் கிழிஞ்சி பிஞ்சி போச்சு. அன்னைக்கே தையல் போட்டாங்க, இப்போ ஓரத்துல ஒரு கடி கடிச்ச மாதிரி பள்ளமா இருக்குது. பொண்ணு பாத்துக்கினு இருக்கோம், தை மாசத்துக்குள்ள சரி பண்ணிட முடியுமா? கன்னத்துத் தோலை எடுத்து பண்ணுவாங்கன்னு ஒருத்தர் சொன்னாரு. (அணைக்கட்டு வாசகர்)

அய்யா, கல்யாணத் தேதிக்கு ஆபரேஷனை ஓட்ட வேணாம். அடிபட்ட தழும்பு சிவப்பா, கெட்டியா இருக்குறப்போ அதை வெட்டித் தச்சா திரும்ப சுருங்கும். தழும்பு இளகி வெளுக்க பொதுவா ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும்.

கன்னத்துத் தோல்னு அவர் சொன்னது சரிதான், மூக்குக்கும் உதட்டோரத்துக்கும் நடுவுல விழுற கோட்டை ஒட்டி எடுக்குற தோல், மூக்கு மடலுக்கு நல்லா சேரும், தழும்பும் அந்தக் கோட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கும். ஆனா அது அறுபது வயசுக்காரங்களுக்கு அமையிற மாதிரி 24 வயசுப் பையனுக்கு அமையாது. இளவயசுல கன்னம் இறுக்கமா இருக்கும், அதோட ஆம்பளைங்களுக்கு அந்த இடத்துல தாடி மீசை முளைக்கும், மூக்கு மேல ரோமம் வந்தா அதுக்கப்புறம் லேசர்னு அலையணும். பள்ளம் ஒரு சென்டிமீட்டருக்குள்ளன்னா காது மடலோட ஓரத்துல இருந்து தோலும் குருத்தெலும்பும் சேத்து ஆப்பு மாதிரி வெட்டி எடுத்து வைக்கிறதுதான் இந்த வயசுக்கு நான் முதல்ல யோசிக்கிறது, காதோட வளைவும் மூக்கு மடலோட வளைவும் அவ்ளோ ஒத்துப் போகும். அது முதல்ல வெளுத்து, அப்புறம் நீலமாகி, அப்புறம்தான் ரோஸ் கலருக்கு வரும், வீட்ல இருக்குறவங்க அதைப் பாத்து பதறுவாங்க, அதான் இப்பவே சொல்லி வைக்கிறேன். பள்ளம் அதைவிடப் பெருசுன்னா பையனுக்கும் நெத்திதான், மேல குடியாத்தம் சகோதரிக்கு எழுதினதை முழுசா படிச்சுக்கோங்க. எந்த வழியா இருந்தாலும் ஓரத்துக்கு ஒரு குருத்தெலும்புத் துண்டு வச்சாகணும், வெறும் தோலா வச்சா ஆறு மாசத்துல மேல சுருண்டு, மூச்சு இழுக்கும்போது உள்ள ஒட்டிக்கும்.

பொண்ணு வீட்ல மறைக்காதீங்க. அடிபட்டது, சரி பண்ணப் போறோம், இவ்ளோ மாசம் ஆகும்னு சொல்லிடுங்க. அவசர அவசரமா தை மாசத்துக்குள்ள ஒரு ஆபரேஷன் பண்ணி, மணவறைல வீங்கின மூக்கோட உக்காந்து, அப்புறம் அது சுருங்கி மறுபடியும் ஆபரேஷன்னு அந்தப் பையன் ஏன் கஷ்டப்படணும்.

விழா நடக்குற ஊர்க்காரங்க எல்லாருக்கும் ஒரு விஷயம். மாடு முட்டியோ, நாய் கடிச்சோ, பைக்ல விழுந்தோ மூக்குத் துண்டு பிஞ்சு விழுந்தா அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க. சுத்தமான ஈரத்துணில சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு கட்டி, அந்தக் கவரை ஐஸ் மேல வச்சு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வாங்க. துண்டு நேரா ஐஸ்ல படக்கூடாது, உறைஞ்சு செத்துடும். தடுப்பூசி டெட்டனஸுக்கு, நாய்க்கடின்னா வெறிநாய்க்கடி ஊசியும், அதை மறந்துடாதீங்க.

இந்த மூக்கு ஆபரேஷனை உலகத்துக்கே கத்துக் குடுத்தது நாமதான், அதுல திப்பு சுல்தானும் வர்றாருன்னு எங்க வாத்தியார் சொன்னாரு. உண்மையா? (சத்துவாச்சாரி மாணவி)

உண்மைதான்ம்மா. சுஸ்ருத சம்ஹிதைல கன்னத்துத் தோலை எடுத்து மூக்கு வைக்கிற முறை இருக்கு, இலையை அளவா வச்சு வெட்டணும்னுகூட இருக்கு. நெத்தித் தோல் முறை நம்ம நாட்டுல பரம்பரை பரம்பரையா சில குடும்பங்க செஞ்சுக்கிட்டு வந்தது. வெளிநாட்டுக்குத் தெரிஞ்சது இப்டித்தான்: கௌவாஸ்ஜின்னு ஒரு மாட்டுவண்டிக்காரர், ஆங்கிலேயப் படைக்கு வேலை செஞ்சவர், 1792 மைசூர் போர்ல திப்புவோட ஆளுங்ககிட்ட மாட்டினாரு, மூக்கையும் ஒரு கையையும் வெட்டிட்டாங்க. ஒரு வருஷம் மூக்கில்லாம இருந்து, புனே பக்கத்துல செங்கல் சூளை சாதிக்காரர் ஒருத்தர் அவருக்கு நெத்தித் தோல்ல மூக்கு கட்டிவிட்டாரு. லண்டன்ல 1794 அக்டோபர் மாசம் ஜென்டில்மேன்ஸ் மேகசின்ல அது படத்தோட வந்துச்சு. மெழுகைத் தட்டி மூக்கு மேல வச்சு அளவெடுத்து அதை நெத்தில விரிச்சு வரைஞ்சாங்களாம், நாங்க இன்னைக்கு ஃபாயில்ல பண்றது அதேதான். தண்டை 25வது நாள் வாக்குல அறுப்பாங்கன்னும் அதுல எழுதியிருக்கு. இருநூறு வருஷத்துக்கு அப்புறமும் நாங்க சொல்ற மூணு வாரத்துக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க. அதைப் படிச்சுட்டு கார்ப்யூன்னு லண்டன் சர்ஜன் ஒருத்தர் 1814ல பண்ணிப் பாத்து, 1816ல புத்தகமா போட்டாரு, அங்க இருந்து ஐரோப்பா பூரா போச்சு. அந்தச் சூளைக்காரர் பேரை யாரும் எழுதி வைக்கலைங்கிறது எனக்கு இன்னைக்கும் வருத்தம். 1799ல திப்பு செத்தப்புறம் அவர் குடும்பத்தைக் கொண்டு வந்து வச்சது நம்ம வேலூர் கோட்டைலதான், திப்பு மஹால், ஹைதர் மஹால்னு பாத்திருப்பே.

மூக்கு மடல் கட்டினதுக்கப்புறம் மூக்குத்தி போட்டுக்கலாமா? அத்தை கேக்கச் சொன்னாங்க. (ஆம்பூர் வாசகி)

கட்டின பக்கத்துல குத்த வேணாம்மா. உள்ள வச்சிருக்குறது வேற இடத்துல இருந்து எடுத்த குருத்தெலும்பு, அதுல ஓட்டை போட்டு சீழ் பிடிச்சா மொத்தமா கரைஞ்சு மடல் சரிஞ்சிடும், பட்ட கஷ்டம் அத்தனையும் வீணா போகும். நல்ல பக்கம் ஏற்கனவே குத்தியிருந்தா, எல்லா ஆபரேஷனும் முடிஞ்சு டாக்டர் சரின்னு சொன்னதும் அதுல போட்டுக்கட்டும். ரெண்டு பக்கமும் வேணும்னு அத்தை ஆசைப்பட்டா கட்டின பக்கத்துல ஒட்டுற மூக்குத்தியை விசேஷத்துக்கு மட்டும் வச்சுக்கலாம், கவ்வுற டைப் வேணாம்.

எங்க அண்ணனுக்கு ரொம்ப வருஷம் முன்னாடி தொழுநோய் வந்து குணமாயிடுச்சு. மூக்குத்தண்டு மட்டும் உள்ள அமுங்கிப் போச்சு. இந்த நெத்தித் தோல் ஆபரேஷன் அவருக்கு ஆகுமா? (கரிகிரி பக்கத்துல இருந்து ஒரு வாசகர்)

அவருக்குத் தேவைப்படுறது பெரும்பாலும் நெத்தித் தோல் இல்ல அய்யா. தொழுநோய்க் கிருமிக்கு உடம்புல குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும், மூக்குக்குள்ள காத்து போய்ப் போய் குளிர்ச்சியா இருக்கும், அதனால உள்சவ்வையும் குருத்தெலும்பையும் அழிச்சு சுருக்கிடும், வெளித்தோல் அப்டியே நல்லாத்தான் இருக்கும். தாங்க ஆளில்லாம கூடாரம் அமுங்கிடுச்சு, துணி கிழியலை. அதனால உள்பக்கமா போய் ஒட்டிக்கிட்டதை விடுவிச்சு, உள்ள புதுசா தோல் வச்சு, எலும்போ குருத்தெலும்போ வச்சு தூக்கி நிறுத்துவாங்க. ஹெரால்ட் கில்லிஸ்னு இங்கிலாந்து சர்ஜன் கொண்டு வந்த வழி அது. இதுக்கு நீங்க தூரம் போகவே வேணாம், 1955ல ஆரம்பிச்ச கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரி உங்க ஊர்லயே இருக்கு, 1946ல வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிங்களோட மடங்கின விரலை நிமித்துற ஆபரேஷனை உலகத்துக்கே செஞ்சு காட்டினது இந்த மண்ணுலதான். அண்ணனுக்கு வயசாயிடுச்சேன்னு யோசிக்காதீங்க, நோய் முழுசா குணமாகி உடம்பு தாங்குற நிலைமைல இருந்தா பண்ணலாம். இத்தனை வருஷம் அந்த முகத்தால ஊர்ல என்னென்ன கேட்டிருப்பாரோ, அவருக்கு வேணும்னா நீங்க கூட போய் நில்லுங்க.

இது அழகுக்குப் பண்றதுன்னு சொல்லி காப்பீடு குடுக்க மாட்டாங்களா? (காட்பாடி வாசகர்)

புத்துநோயாலயோ விபத்தாலயோ போன மூக்கைத் திரும்பக் கட்டுறது அழகு சிகிச்சை இல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, பயாப்ஸி ரிப்போர்ட், விபத்துன்னா அதோட பேப்பர் எல்லாம் எடுத்துட்டுப் போய், அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்ட்டர்ல கேளுங்க. ரெண்டு மூணு தடவையா நடக்குற ஆபரேஷன்ங்கிறதால எல்லா கட்டத்துக்கும் சேத்து அனுமதி கேக்கணும், முதல் கட்டத்துக்கு மட்டும் வாங்கிட்டு தண்டு அறுக்குறப்போ காசுக்கு அலையக்கூடாது.

வீட்டுக்காரருக்கு நெத்தி ஃப்ளாப் (நெத்தித் தோலை மூக்குக்கு இறக்குறது) வச்சு நாலு நாள் ஆகுது. இன்னைக்கு காலைல இருந்து மூக்கு நுனி கருநீலமா உப்பி இருக்கு. இது சாதாரணமா? (வாலாஜாபேட்டை, வாட்ஸ்அப்ல வந்தது)

இதுக்கு அன்னைக்கே போன்ல பதில் சொல்லியாச்சு, மத்தவங்களுக்கும் தெரியணும்னு போடுறேன். கருநீலமா உப்பினா உள்ள போற ரத்தம் திரும்பி வெளிய வர வழி கிடைக்காம தேங்குது, வெள்ளையா ஜில்லுன்னு ஆனா உள்ளயே போகலைன்னு அர்த்தம். ரெண்டுமே சரியில்ல. அடுத்த ரிவ்யூ தேதி வரைக்கும் காத்திருக்காம, ராத்திரியா இருந்தாலும் ஆபரேஷன் பண்ண இடத்துக்கே உடனே போகணும். வீட்ல ஒத்தடம், ஐஸ், எண்ணெய் எதுவும் வேணாம், கட்டை நீங்களா அவுக்காதீங்க. பல நேரம் டிரெஸ்ஸிங் இறுக்கமா இருக்குறதாலயோ தண்டு முறுக்கிக்கிட்டதாலயோ ரத்தம் உள்ள கட்டிக்கிட்டதாலயோதான் இப்டி ஆகும், ஒரு தையலைத் தளர்த்தினாலே கலர் திரும்பிடும், சில சமயம் அட்டைப்பூச்சி வச்சு தேங்கின ரத்தத்தை எடுப்பாங்க. சீக்கிரமா போனா மூக்கைக் காப்பாத்திடலாம்.